சமயமும் இதழியலும் சேர்த்துப் படிக்க: கொழும்பில் இருப்பவர் எந்த வழியைத் தேர்வது?

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் வெள்ளவத்தையில் இருக்கும் தங்கச்சி. வானொலிச் செய்திப் பிரிவில் நான்கு வருடம் வேலை செய்தவர். இன்னொருவர் தெமட்டகொடையிலிருந்து வார இதழ் ஒன்றுக்கு எழுதும் தம்பி. மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் பாடசாலை ஆசிரியை, பத்திரிகைப் பக்கம் வர ஆசைப்படுகிறார். மூவருக்கும் பட்டம் இருக்கிறது. சமயம் பற்றிய செய்திகளை ஒழுங்காக எழுத வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அதற்காக மேலே படிக்க வேண்டும், ஆனால் எங்கே? "வெளிநாட்டுக்குப் போவதா, சென்னைக்கா, இங்கேயே படிப்பதா அண்ணா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பேசிப் பேசிச் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

## இப்படி ஒரு படிப்பு நமக்கு எதற்கு

இலங்கையில் தமிழ்ப் பத்திரிகை சமயத்தின் மடியில்தான் பிறந்தது. 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் உதயதாரகையைத் தொடங்கியது. 1876 இல் கத்தோலிக்கர்கள் பாதுகாவலனைக் கொண்டுவந்தார்கள். 1882 இல் கண்டியிலிருந்து சித்திலெப்பை முஸ்லிம் நேசனை வெளியிட்டார். 1889 இல் சைவர்களின் இந்து சாதனம் வந்தது. ஒவ்வொன்றும் தன் சமயத்தாருக்காக, தன் சமயத்தைப் பற்றி எழுதியது. வீரகேசரியும் தினகரனும் 1930களில் பொதுப் பத்திரிகைகளாக வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. இன்றும் பத்திரிகைகளில் இந்து சமயப் பக்கம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை இஸ்லாமியப் பக்கம் இருக்கிறது, நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் சிறப்பிதழ் வருகிறது. அவற்றை எழுதுவது அந்தந்தச் சமயத்தவர். படிப்பதும் பெரும்பாலும் அவர்களே. அந்தப் பக்கங்கள் தேவை. ஆனால் ஆன்மீகக் கட்டுரை எழுதுவது வேறு, சமயத்தைச் செய்தியாக எழுதுவது வேறு. அடுத்த வீட்டுச் சமயத்தில் என்ன நடக்கிறது என்பதை, அந்த வீட்டாரும் "சரியாக எழுதியிருக்கிறார்கள்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுகிற ஆள் நம்மிடம் மிகக் குறைவு.

அது எவ்வளவு பெரிய குறை என்பது 2019 ஏப்ரல் 21 அன்று தெரிந்தது. கொச்சிக்கடை அந்தோனியார், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன், கொழும்பு ஹோட்டல்கள் என்று உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட அந்த வாரத்தில் நான் ஒரு ஆசிரியபீடத்தில் இரவுப் பணியில் இருந்தேன். "தௌஹீத்" என்ற சொல் எல்லா அறிக்கைகளிலும் வந்தது. அது ஓரிறைக் கொள்கையைக் குறிக்கும் பொதுச் சொல் என்பதோ, அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல அமைப்புகள் இருக்கின்றன என்பதோ எங்கள் மேசையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக்கித் தலைப்புப் போட்டோம். அடுத்த நாள் மாளிகாவத்தையிலிருந்து ஒரு வயதானவர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. "மகன், எங்கட தொழுகையில தினம் சொல்றதத்தான் நீங்க தலைப்பில போட்டிருக்கிறீங்க" என்றார். அந்தத் தலைப்பை எழுதியவன் நான். அடுத்து வந்த மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அந்தக் குரல்தான் காதில் இருந்தது.

எனவே இந்தப் படிப்பை வெறும் தகைமையாக நான் பார்க்கவில்லை. கீழே சொல்வதையெல்லாம் அந்த இரவை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் கேட்க வேண்டியது, உங்களிடம் இல்லாதது எது என்பதே. சமய அறிவா, செய்தித் தொழிலா? பலர் இதைக் கேட்காமலே விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னச் சோதனை. கைப்பேசியைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். பௌத்த பிக்குகளின் சியம், அமரபுர, ராமஞ்ஞ நிகாயங்களுக்கு இடையே என்ன வேறுபாடு? மல்வத்தையும் அஸ்கிரியவும் எந்த நிகாயத்தின் பீடங்கள்? தப்லீக், ஜமாஅத்தே இஸ்லாமி, தரீக்கா மூன்றும் எப்படி வேறுபடுகின்றன? கத்தோலிக்கருக்கும் அங்கிலிக்கருக்கும் ஆயர் உண்டு, மெதடிஸ்த திருச்சபைக்கு யார் தலைமை? ஆகம முறைக் கோவிலில் யார் பூசை செய்யலாம், நிர்வாகம் யார் கையில்? இதில் உங்கள் சொந்தச் சமயம் தவிர மற்றவற்றில் தடுமாறினால், உங்களுக்கு வேண்டியது சமயப் படிப்பு. எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தும், இரண்டு தரப்பையும் விசாரித்து மாலை ஆறு மணிக்குள் அறுநூறு சொல்லில் ஒரு செய்தியை முடிக்க முடியவில்லை என்றால், வேண்டியது தொழிற்பயிற்சி. இரண்டையும் ஒரே பட்டத்தில் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்தது பணம். கல்விக் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலப் பரீட்சை, பெறுபேற்றுப் பத்திரங்களை உறுதிப்படுத்துவது, விசா, மருத்துவக் காப்புறுதி, வேலையை விட்டதால் வராமல் போகும் சம்பளம், ஊழியர் சேமலாப நிதியில் விழும் இடைவெளி ஆகியவை தெரியாது. நாணய மாற்று எல்லாவற்றையும் விட மோசம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த மூன்று மாதத்தில் பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைத்துக்கொண்டிருந்த பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது மொழி. தமிழில் எழுதப் போகிறவர் எந்த மொழியில் படிக்கிறார் என்பது முக்கியம், ஆனால் எந்த மொழியில் விசாரிக்க முடிகிறது என்பது அதைவிட முக்கியம். சிங்களம் தெரியாமல் இந்த நாட்டில் சமயச் செய்தி எழுதுவது ஒரு காதை மூடிக்கொண்டு கேட்பது மாதிரி.

நான்காவது, கையில் கிடைக்கும் காகிதத்தின் பெறுமதி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா எட்டாம் மட்டம். பாடநெறி மட்டும் உள்ள 30 திறமைப்புள்ளி முதுமாணி ஒன்பதாம் மட்டம். ஆய்வும் சேர்ந்த 60 திறமைப்புள்ளி முதுமாணி பத்தாம் மட்டம். பத்திரிகை ஆசிரியர் இதையெல்லாம் பார்க்க மாட்டார். ஆனால் என்றாவது பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்குப் போக நினைத்தால் அங்கே ஒவ்வொரு மட்டமாகக் கணக்குப் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், சேருமுன்பே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, படிக்கும் காலத்தில் நீங்கள் எழுதப் போகிற மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பது. பள்ளிவாசல் நிர்வாகியும் விகாராதிபதியும் பங்குத்தந்தையும் உங்களை நம்புவதற்கு வருடங்கள் பிடிக்கும். அந்த நம்பிக்கையும் சேமிப்புத்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | செலவு | படிக்கும் மொழி | வேலை தொடருமா | அதிகம் கிடைப்பது |
|---|---|---|---|---|---|
| நியூயோர்க், ஹாவர்ட் | 1 முதல் 2 வருடம் | கோடிகளில் | ஆங்கிலம் | இல்லை | இரண்டும் சேர்ந்த பயிற்சி |
| லண்டன் | 1 வருடம் | பெரிய தொகை, முழுப் புலமைப்பரிசில் சாத்தியம் | ஆங்கிலம் | இல்லை | ஒன்று மட்டும், ஆனால் ஆழமாக |
| சென்னை | 1 முதல் 2 வருடம் | இலட்சங்களில் | ஆங்கிலம், தமிழ் | இல்லை | தொழிற்பயிற்சி, தமிழ் உலகம் |
| யாழ்ப்பாணம், ஒலுவில் | 1 முதல் 2 வருடம் | குறைவு | தமிழ், ஆங்கிலம் | ஓரளவு | ஒரு சமயத்தில் ஆழம் |
| கொழும்பு | 1 முதல் 2 வருடம் | இலட்சங்களில் | ஆங்கிலம், சிங்களம் (டிப்ளோமா தமிழிலும்) | ஆம் | அடுத்தவரின் சமயம், களம் |

## நியூயோர்க்கும் ஹாவர்டும்

இரண்டையும் ஒன்றாகப் படிப்பது என்றால் முதலில் அமெரிக்காதான் ஞாபகத்துக்கு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே சமயச் செய்தி தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. சமயத்துக்கென்றே ஒரு செய்தி நிறுவனம் 1934 முதல் இயங்குகிறது, சமயச் செய்தியாளர்களுக்கு 1949 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளியில், நியூயோர்க் டைம்ஸில் சமயச் செய்தியாளராக இருந்த ஆரி கோல்ட்மன் சமயச் செய்தி சேகரிப்பை ஒரு முழுப் பாடமாகவே நீண்டகாலம் நடத்தினார். மாணவர்கள் வகுப்பில் படித்துவிட்டு வழிபாட்டிடங்களுக்கும் பிறகு வெளிநாடு ஒன்றுக்கும் போய் எழுதுவார்கள். நியூயோர்க் பல்கலைக்கழகம் இதழியலையும் சமயக் கற்கைகளையும் சேர்த்து ஒரே முதுமாணியாக நடத்தியது. ஹாவர்டின் இறையியல் பள்ளியில், பணி அனுபவம் உள்ளவர்களுக்காக சமயமும் பொதுவாழ்வும் என்ற ஒரு வருட முதுமாணியைத் தொடங்கினார்கள். கலாநிதிப் பட்டம்வரை போக நினைப்பவருக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஊடகம், சமயம், பண்பாடு ஆய்வு மையம் நல்ல இடம். இப்படியான இணைப் படிப்புகள் வருடத்துக்கு வருடம் மாறும், எனவே சேர்க்கை திறந்திருக்கிறதா என்று துறைக்கே எழுதிக் கேட்டுவிட்டுத் தயாராகுங்கள்.

படிப்பின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம்பிக்கை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே மரியாதையோடு விசாரிப்பது, வழிபாட்டின் நடுவே எங்கே நின்று குறிப்பெடுப்பது, ஒரு குருவானவரின் கூற்றுக்கும் அந்தச் சமயத்தின் நிலைப்பாட்டுக்கும் உள்ள இடைவெளியை எப்படி எழுதுவது ஆகியவற்றை யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தருவது பெரிய பாக்கியம். இங்கே நாமெல்லாம் தவறு செய்து செய்து கற்றுக்கொண்டோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கொலம்பியாவில் கல்விக் கட்டணம் மட்டுமே 60,000 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கோடியே எண்பது இலட்சம். வாடகையும் சாப்பாடும் காப்புறுதியும் வேறு. மாணவர் விசாவில் வெளியே வேலை செய்ய முடியாது, ஊர்ப் பத்திரிகைக்குக் காசுக்கு எழுதுவதுகூடச் சிக்கலாகும். இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகைச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க ஒரு வாழ்நாள் போதாது. அடைக்க வேண்டுமென்றால் அங்கேயே தங்க வேண்டும். தங்கிவிட்டால் மாளிகாவத்தைப் பெரியவருக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே இது அமெரிக்க அரசின் புல்பிரைட் போன்ற முழுப் புலமைப்பரிசில் கிடைப்பவருக்கான வழி. புல்பிரைட்டில் படித்தால் இரண்டு வருடம் நாடு திரும்பியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். இதை அண்ணனாகவே சொல்கிறேன்.

## லண்டன்

ஒரு வருடத்தில் முதுமாணி முடிந்துவிடும், அதுதான் பெரிய வசதி. சோவாஸ் (SOAS) பல்கலைக்கழகத்தில் ஆசியச் சமயங்களை ஆழமாகப் படிக்கலாம், சிட்டி பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கலாம். இரண்டும் சேர்ந்த படிப்பைத் தேடினால் ஏமாற்றம்தான். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், மூன்று படிப்புகளைத் தெரிவு செய்து கொடுக்க வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் நாடு திரும்ப வேண்டும். மூன்றில் இரண்டைச் சமயத்துக்கும் ஒன்றை இதழியலுக்கும் கொடுங்கள் என்று சொல்வேன். விண்ணப்பம் வழக்கமாக ஓகஸ்ட் மாதத்தில் திறக்கும்.

தெரியாமல் வரும் செலவு இரண்டு. சொந்தப் பணத்தில் போனால் சுகாதார மேலதிகக் கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண், விசாவோடு சேர்த்து முன்பே கட்ட வேண்டும். மற்றது, தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், ஆனால் சுயதொழில் செய்ய முடியாது. சுதந்திர ஊடகவியலாளராகக் கட்டுரைக்குக் காசு வாங்குவதும் சுயதொழிலில் சேரும். கடையில் நிற்கலாம், எழுதிப் பிழைக்க முடியாது. சித்தப்பா வீட்டில் தங்கலாம் என்று போகிறவர்கள் அந்த வீடு பல்கலைக்கழகத்திலிருந்து எத்தனை ரயில் மாறும் தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சென்னை

நம்மவர்களுக்கு மிக இயல்பான வெளிநாடு இதுதான். தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியின் ஒரு வருடப் பட்டப்பின் டிப்ளோமா செய்தித் தொழிலைக் கசக்கிப் பிழிந்து கற்றுத்தரும். தெற்காசிய நாடுகளிலிருந்து மாணவர் வருவது அங்கே வழக்கம். வறுமையையும் ஒடுக்கப்பட்டோரையும் பற்றி எழுதுவது அங்கே கட்டாயப் பாடம். சாதியைப் பற்றி அந்த வகுப்பில் கற்பதை எடுத்துக்கொண்டு வந்தால் நம் கோவில் வழக்குகள் பல புதிதாக விளங்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு கோவில் ஏன் பூட்டப்பட்டது என்பதைச் சாதியைத் தொடாமல் எழுதினால் அது அரைச் செய்தி.

சமயப் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சைவசித்தாந்தம், கிறிஸ்தவம், சமணம், இஸ்லாம் எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனித் துறையோ மையமோ உண்டு, இதழியல் துறையும் உண்டு. தமிழிலேயே இவ்வளவையும் பேசக்கூடிய பேராசிரியர்கள் ஒரே கடற்கரையோரம் இருப்பது வேறெங்கும் கிடைக்காது.

குறை என்னவென்றால், இதழியல் கல்லூரி தருவது டிப்ளோமா, பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. இங்கே விரிவுரையாளர் ஆக நினைப்பவருக்கு அது போதாது. மாணவர் விசாவில் செய்தியாளராக வேலை செய்ய முடியாது. அதைவிட ஒரு பெரிய இடைவெளி உண்டு, இங்கே இருப்பது போன்ற தேரவாத பௌத்தத்தை அங்கே அன்றாட வாழ்வில் பார்ப்பது அரிது. தமிழ்நாட்டுச் சமய அரசியலைக் கற்றுக்கொண்டு வந்து அதே அச்சில் இலங்கையைப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இந்து என்ற சொல்லே இரண்டு இடத்திலும் ஒரே எடையோடு இல்லை. இங்கே அது ஒரு சிறுபான்மையின் பெயர். இதை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வீண் கசப்பைத்தான் விளைவித்தன.

தொழில் தெரியாமல், சமயம் ஓரளவு தெரிந்த இளைஞருக்கு, குறிப்பாக இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவருக்கு, இது நல்ல தெரிவு. கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

## யாழ்ப்பாணமும் ஒலுவிலும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகம், சைவசித்தாந்தம், கிறிஸ்தவ இஸ்லாமிய நாகரிகம் எல்லாம் உண்டு, ஊடகக் கற்கைகளும் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் இருக்கிறது. பிலிமத்தலாவையில் 1963 முதல் இலங்கை இறையியல் கல்லூரி. தமிழிலேயே படிக்க முடிவது பெரிய ஆறுதல், செலவும் தாங்கக்கூடியது.

இங்கே என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சைவர் யாழ்ப்பாணத்துக்கும் முஸ்லிம் ஒலுவிலுக்கும் போய் ஆழமாகப் படித்துவிட்டு வருவதால் நல்ல அறிஞர் கிடைப்பார், ஆனால் மேலே சொன்ன குறை தீராது. மாறிப் போனால்தான் பயன். கொழும்பில் வளர்ந்த ஒரு முஸ்லிம் யாழ்ப்பாணத்தில் சைவசித்தாந்தம் படித்தால், அல்லது ஒரு சைவர் ஒலுவிலில் இஸ்லாமியக் கற்கைகளில் ஆய்வு செய்தால், அவரைப் போன்ற ஒரு செய்தியாளர் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார். அந்தச் சூழலில் தனியாக இருக்கும் கஷ்டம் உண்டு. சேருமுன் துறைத்தலைவரை நேரில் கண்டு பேசுங்கள்.

மறைந்த செலவு பயணம். வார இறுதி வகுப்புக்கு ஒவ்வொரு வாரமும் கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் போய்வந்தால் உடம்பு மூன்றாம் மாதத்தில் கணக்குக் கேட்கும்.

## கொழும்பிலேயே, வேலையை விடாமல்

நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். பக்கச்சார்பு இருக்கலாம், அதையும் சேர்த்தே படியுங்கள்.

களனிப் பல்கலைக்கழகத்தின் பாளி, பௌத்தக் கற்கைகளுக்கான பட்டப்பின்படிப்பு நிறுவனம் கொழும்பு 5 இல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பௌத்தக் கற்கைகள் முதுமாணி நடக்கிறது. வியட்நாம், சீனா, பங்களாதேஷ் என்று பல நாட்டுத் துறவிகள் வந்து படிக்கிறார்கள். நான் ஆங்கிலத்தில் படித்தேன். முதல் நாள் வகுப்பில் திருநீறு பூசிய ஒரே ஆள் நான்தான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் மாதம், பக்கத்தில் இருந்த பிக்கு ஒருவர் மணிமேகலையைப் பற்றிக் கேட்டார். ஒரு தமிழ்க் காப்பியம் முழுக்கப் பௌத்தம் பேசுகிறது என்பது அவருக்கு ஆச்சரியம். அதை எனக்கே யாரும் அக்கறையோடு சொல்லித்தந்ததில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

அந்தப் படிப்பு என் எழுத்தில் என்ன மாற்றியது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கந்தரோடையிலும் முல்லைத்தீவுக் குருந்தூர் மலையிலும் பௌத்த எச்சங்கள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நம் பக்கம் "இல்லை" என்று எழுதுவோம், அந்தப் பக்கம் "எங்களுடையது" என்று எழுதும். படித்த பிறகு வேறு கேள்வி கேட்க முடிந்தது. எந்தக் காலத்துப் பௌத்தம், எந்த மொழி பேசியவர்களின் பௌத்தம்? தமிழ்ப் பௌத்தர் என்று ஒரு மக்கள் இருந்தார்கள் என்பது தெரிந்தால், பௌத்த எச்சம் இருந்தாலே அது சிங்களக் குடியிருப்புக்குச் சான்று என்ற வாதமும் விழுகிறது, எச்சமே கிடையாது என்று நாம் மறுக்க வேண்டிய தேவையும் விழுகிறது. இப்படி ஒரு கேள்வியைத் தொல்லியல் அதிகாரியிடம் கேட்டபோது அவர் கதிரையை இழுத்துப் போட்டு ஒரு மணித்தியாலம் பேசினார். பத்து வருடத்தில் அப்படி ஒரு பேட்டி எனக்குக் கிடைத்ததில்லை.

தொழிற்பயிற்சி தேவைப்படுவோருக்கு, 2004 இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி கிருல வீதியில் இருக்கிறது, தமிழிலும் டிப்ளோமா படிக்கலாம். களனியில் வெகுஜனத் தொடர்பாடல் துறையும், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதழியல் டிப்ளோமாவும் உண்டு. தமிழ்மொழிமூலம் அந்த வருடம் நடக்கிறதா என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். வகுப்புக்கு வெளியேயும் படிக்க இடம் இருக்கிறது. மருதானையில் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1971 இல் தொடங்கிய சமூக, சமய நிலையம், களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகளாரின் துலான ஆய்வு நிலையம் இரண்டிலும் கிறிஸ்தவமும் பௌத்தமும் பேசிக்கொள்வதைப் பார்க்கலாம்.

களம் காலடியில் இருப்பதுதான் இந்த வழியின் உயிர். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சைவரும் வரிசையில் நிற்பார்கள். பக்கத்தில் பொன்னம்பலவாணேசர். நடக்கும் தூரத்தில் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளி. ஆடிவேல் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும். நியூயோர்க் மாணவர் விமானம் ஏறிப் பார்க்கப் போவதை நீங்கள் 155 ஆம் இலக்கப் பஸ்ஸை எதிர்பார்க்கும் நேரத்துக்குள் பார்த்துவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சமயத்தையும் இதழியலையும் இணைத்துச் சொல்லித்தர இங்கே ஆள் இல்லை. அந்த இணைப்பை நீங்களேதான் செய்ய வேண்டும், திருத்துவதற்கு மேலே ஒருவர் இல்லாமல். இரவுப் பணி முடித்துச் சனிக்கிழமை வகுப்புக்குப் போவது, ஒப்படைகள், பரீட்சை விடுமுறைக்கு ஆசிரியரிடம் கெஞ்சுவது எல்லாம் சேர்ந்து என் வீட்டில் ஒன்றரை வருடம் நான் விருந்தாளி மாதிரித்தான் இருந்தேன். சொந்தக்காரரின் கேள்விகளும் வரும். "இனி பன்சலைக்குத்தான் போகப்போறியோ?" என்று ஒரு மாமா கேட்டார். அது வலித்தது. இரண்டு வருடம் கழித்து அவரே ஒரு செய்தியைக் காட்டி விளக்கம் கேட்டார்.

படிப்போடு சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சமயம் பற்றி எழுதுபவரை சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும், பயங்கரவாதத் தடைச் சட்டமும், 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தொடக்கூடும். 2020 மே மாதம் ஒரு இளம் ஆசிரியர் தன் தமிழ்க் கவிதைத் தொகுப்பின் பேரில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் விடுவித்தது. வன்முறையை எதிர்த்து எழுதிய வரிகள் எப்படித் தலைகீழாக வாசிக்கப்பட்டன என்பதை விளக்கி எழுத, தமிழும் இஸ்லாமியச் சொற்களும் சேர்ந்து தெரிந்த செய்தியாளர் அப்போது எத்தனை பேர் இருந்தோம்?

## அந்த மூவருக்கும் சொன்னது

வெள்ளவத்தைத் தங்கச்சிக்குத் தொழில் கைவந்தது, ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, வீட்டுப் பொறுப்பு குறைவு. அவரைச் செவனிங்குக்கும் புல்பிரைட்டுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். முழுத் தொகையும் கிடைத்தால் போக வேண்டும், பாதி கிடைத்தால் போகக் கூடாது. பதில் வரும்வரை சும்மா இருக்காமல் சிங்கள எழுத்தும் வாசிப்பும் படிக்க வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் கொழும்பிலேயே பௌத்தக் கற்கைகள் முதுமாணி.

தெமட்டகொடைத் தம்பி மத்ரஸாவில் படித்தவர், இஸ்லாத்தில் ஆழம் உண்டு, செய்தியும் எழுத வரும். அவருக்கு ஒலுவில் வேண்டாம் என்றேன். பௌத்தக் கற்கைகள் முதுமாணி, முடிந்தால் சிங்களத்திலேயே. அவர் கொஞ்சம் யோசித்தார். வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம் முகத்தில் தெரிந்தது. வாப்பாவிடம் பேச நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியைக்கு இரண்டு பிள்ளைகள், அரச வேலை, ஓய்வூதியம். முதுமாணியே இப்போது வேண்டாம் என்றேன். அவரிடம் இல்லாதது தொழில், அதற்கு இலங்கை இதழியல் கல்லூரி டிப்ளோமா போதும். படிக்கும் காலத்திலேயே மாதம் ஒரு கட்டுரை எழுத வேண்டும், தன் தேவாலயப் பங்கைப் பற்றி அல்ல, தெருவின் அடுத்த முனையில் இருக்கும் கோவிலைப் பற்றி. போன வாரம் முதல் கட்டுரையை அனுப்பினார். தேர்ச் செலவை யார் பங்கிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார், கணக்குப் புத்தகத்தை நிர்வாகசபை திறந்து காட்டியிருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் "பூசை" என்று வர வேண்டியதை "ஆராதனை" என்று எழுதியிருந்தார். திருத்தித் திருப்பி அனுப்பினேன்.